பம்புக்கு இந்தப் பக்கம்

டீசல் எஞ்சினின் வரலாற்றை ருடால்ஃப் டீசலின் பெயரில் தொடங்குவது வழக்கம். உழவின் நடுவே இழுவை குறைந்து நின்றுபோகும் டிராக்டரின் வரலாற்றை எழுதுவதானால், ஸ்டுட்கார்ட் நகரத்து ராபர்ட் பாஷிடமிருந்து தொடங்குவதே பொருத்தம். 1893-ல் காப்புரிமை பெற்று 1897-ல் ஆக்ஸ்பர்க் ஆலையில் டீசல் ஓட்டிக்காட்டிய எஞ்சின், எண்ணெயை அழுத்தக் காற்றின் துணையோடுதான் சிலிண்டருக்குள் செலுத்தியது. அந்தக் காற்றுக்காக எஞ்சினோடு ஒரு கம்ப்ரஸரும் சேர்ந்து ஓட வேண்டும். ஆலைக்கும் கப்பலுக்கும் அது சரி. வயலில் இறக்குவதற்குக் கனம் அதிகம். மேக்னெட்டோவால் பெயர் வாங்கியிருந்த பாஷ் 1922-ல் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்து, 1927-ல் தன் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தார். காற்று இல்லாமல் எண்ணெயை மட்டுமே அழுத்தித் தள்ளும் பம்பு அது. அதன் உள்ளே பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையிலுள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். கசிவைத் தடுக்க வளையம் கிடையாது. அந்தப் பொருத்தமே அடைப்பு. அவ்வளவு துல்லியமாகக் கடைவது எஞ்சின் செய்யும் எல்லோராலும் ஆகிற வேலை இல்லை. ஆகவே பம்பு தனி ஆலையில் தயாராகி, அளவு வைக்கப்பட்டு, சீல் போட்டு வந்தது. எஞ்சின் ஒருவருடையது, அதன் பம்பு இன்னொருவருடையது என்ற பிரிவினை அப்போது பிறந்தது.

டிராக்டருக்கு டீசல் போதாமல் போனால் காரணம் எங்கே என்று கண்டுபிடிக்க நம் ஊர் மெக்கானிக்குகள் கைக்கொள்ளும் முறை, இந்தப் பிரிவினை பெற்ற பிள்ளை. டேங்க், குழாய், ஃபீட் பம்பு, இரண்டு ஃபில்டர் வரை டீசல் ஏறத்தாழ காற்றழுத்த அளவிலேயே நகர்கிறது. பம்புக்கு அந்தப் பக்கம் நாசில் திறக்கும்போது அழுத்தம் இருநூறு மடங்கை எட்டுகிறது. அந்தப் பக்கத்தைத் தொடச் சீலும் தடை, கருவியும் தடை. எனவே கிராமத்து மெக்கானிக்கின் அறிவு முழுவதும் இந்தப் பக்கத்தில் குவிந்து கூர்மையானது. ‘குத்துமதிப்பு வேலை’ என்று படித்தவர்கள் ஒதுக்கும் இந்த முறைக்குள் தெளிவான தர்க்கம் இருக்கிறது. அந்தத் தர்க்கத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது.

இந்தியாவில் டிராக்டர் பெருமளவில் இறங்கியது விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில். அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற வண்டிகளைக் கொண்டு மத்திய டிராக்டர் நிறுவனம், நடு இந்தியாவில் நாணல் வகைப் புல் மண்டித் தரிசான நிலங்களைத் திருத்தத் தொடங்கியது. 1949-ல் உலக வங்கி இந்தியாவுக்குத் தந்த இரண்டாவது கடனே விவசாய இயந்திரங்களுக்கானதுதான். தொகை ஒரு கோடி டாலர். வண்டி வாங்கக் கடன் கிடைத்துவிடும். பழுது பார்க்கும் கையைக் கடனாக வாங்க முடியாது. 1951-ல் பெங்களூரில் பாஷ் நிறுவனத்தின் கூட்டோடு மைக்கோ என்ற நிறுவனம் தொடங்கியது. 1959-ல் ஃபரிதாபாத்தில் ஐஷர் டிராக்டரும், அதையடுத்து 1960-ல் தொடங்கப்பட்ட சென்னை டாஃபே நிறுவனத்தின் மேஸி ஃபெர்குசனும் வந்தன. 1961-ஐ ஒட்டி நாடு முழுவதும் ஓராண்டில் தயாரான டிராக்டர்கள் ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. இன்று அது பல லட்சத்தில் நிற்கிறது. வண்டிகள் ஊர் ஊராகப் பரவின. பம்பைச் சோதிக்கும் பெஞ்ச் பரவவில்லை. ‘டீசல் பம்பு, நாசில் சர்வீஸ்’ என்று பலகை போட்ட கடைகள் நகரத்திலேயே தங்கிவிட்டன. பம்பைக் கழற்றி, பஸ்ஸில் ஏற்றி, பெஞ்சில் போட்டு, அளவு வைத்துத் திரும்பக் கொண்டுவந்து டைமிங் பார்த்துப் பூட்டுவதற்குள் நாள்கள் ஓடிவிடும். மேட்டூர் அணை திறந்து குறுவை உழவு நடக்கும் வேளையில் அத்தனை நாள் வண்டி நின்றால், மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஓட்டுபவரின் பருவ வருமானமே போய்விடும். ஆகவே பம்பில் கை வைப்பதற்கு முன்னால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படு என்பது தொழிலின் முதல் விதி ஆயிற்று.

அந்த விதி நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். முதல் கேள்வி புகையைப் பற்றியது. இழுவை குறையும்போது கரும்புகை கக்கினால் டீசல் வருகிறது, காற்றுதான் போதவில்லை. ஏர் கிளீனரைப் பார்க்க வேண்டும், அல்லது கலப்பைக்கு ஆழம் அதிகம் கொடுத்திருக்கிறார்கள். புகையே இல்லாமல் சோர்ந்தால் பட்டினி டீசலுக்கு. அடுத்த கேள்வி, ஸ்லோவில் நன்றாக ஓடிவிட்டு லோடில் மட்டும் சோர்கிறதா என்பது. நாற்பது குதிரைத்திறன் வண்டி சும்மா நிற்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் அளவில் குடிக்கும். உழும்போது நான்கைந்து லிட்டர் கேட்கும். பாதி அடைத்த ஃபில்டர் முதல் தேவைக்குத் தாங்கும், இரண்டாவதற்குத் தாங்காது. ஆக, வழி முழுதாக அடைபடவில்லை, குறுகியிருக்கிறது என்ற முடிவு ஒரு ஸ்பேனரைக்கூட எடுப்பதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது. பிறகு டேங்க் மூடி. அதிலுள்ள காற்றுத்துளை சேறு பிடித்து அடைத்தால், டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி ஓட்டத்தை இழுத்துப் பிடிக்கும். மூடியைத் தளர்த்தியதும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய் எஞ்சின் தெளிந்தால் நோய் தெரிந்துவிட்டது, காசு செலவில்லை. அதிலும் தீரவில்லையென்றால் ஒரு சுத்தமான கேனில் டீசலை ஊற்றி உயரத்தில் கட்டி, ஃபீட் பம்புக்கு நேராக ஒரு ஹோஸ் கொடுத்து ஓட்டுவார்கள். எஞ்சின் சரியாக ஓடினால் குற்றம் டேங்கிலோ, டேப்பிலோ, குழாயிலோ. ஓடாவிட்டால் அவை மூன்றும் ஒரே சோதனையில் விடுதலை.

இந்தக் கேன் சோதனையைத்தான் குத்துமதிப்பு என்பவர்களுக்கு முதல் பதிலாக வைக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய ஒரு பகுதியை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்து விளைவைப் பார்ப்பது எந்தப் பரிசோதனைச் சாலையிலும் செய்கிற காரியம். ஏர் எடுப்பதும் அப்படித்தான். ஃபில்டர் தலையிலுள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, பிரைமரைக் கையால் அடித்து, நுரை நின்று டீசல் கம்பியாக வரும்வரை விடுவது வெறும் சடங்காகத் தெரியலாம். பிளஞ்சருக்கு முன்னால் காற்று நின்றால் அது அழுந்திச் சுருங்கிக்கொள்ளும், நாசில் திறக்காது, அதனால்தான் வெளியேற்றுகிறார்கள். ஆனால் தேர்ந்த மெக்கானிக் அதே வேலையில் இன்னொன்றையும் படிக்கிறார். பிரைமர் மேலே வர மறுத்து இழுத்துப் பிடித்தால் அடைப்பு பின்னால் இருக்கிறது. எவ்வளவு அடித்தும் கைக்கு இறுக்கமே தட்டவில்லையென்றால் எங்கோ காற்று வாங்குகிறது, அல்லது ஃபீட் பம்பின் வால்வு உட்காரவில்லை. உறிஞ்சும் பக்கத்து ஓட்டையில் டீசல் சொட்டாமலே காற்று மட்டும் உள்ளே போகக்கூடும் என்பதால் கண்ணை நம்பிப் பயனில்லை. பழைய காப்பர் வாஷரைத் திரும்பப் போட்டு இறுக்கிய போல்ட் எத்தனையோ வண்டிகளை இப்படி நிறுத்தியிருக்கிறது. இவற்றை வரிசையாகப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும்: செலவில்லாதது முதலில், கழற்றல் குறைந்தது அடுத்தது, பம்பு கடைசி. ஒவ்வொரு படியும் பாதிச் சந்தேகத்தையாவது கழித்துவிடுகிறது.

முறை ஒன்றுதான் என்றாலும் பம்பின் வகை மாறியபோது அதன் திறன் மாறியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாஷ் வழி வந்த இன்லைன் பம்பில் சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர்-பேரல் ஜோடி, அதாவது ஓர் எலிமெண்ட். ஓடும்போதே நாசில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால், எந்த நட்டுக்குச் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் முன்பே செத்திருக்கிறது. கோளாறு அதன் எலிமெண்டிலோ நாசிலிலோ. எல்லாச் சிலிண்டரும் ஒரே மாதிரி சோர்ந்தால் வரத்தில் குறை. அமெரிக்காவின் வெர்னன் ரூசா வடிவமைத்து, பிரிட்டனின் சி.ஏ.வி. வழியாகப் பல டிராக்டர்களுக்கு வந்த ரோட்டரி பம்பில் இந்த வேறுபாடு மங்குகிறது. ஒரே பம்பிங் அமைப்பு எல்லாச் சிலிண்டருக்கும் பங்கிட்டுத் தருவதால், பம்பு தேய்ந்தாலும் எல்லாம் சேர்ந்தே சோரும், ஃபில்டர் அடைத்தாலும் சேர்ந்தே சோரும். போதாக்குறைக்கு அதன் உள்ளுறுப்புகளுக்கு மசகு அந்த டீசலே. பட்டினியோடு ஓட்டினால் பட்டினியே பம்பைத் தின்னும். இங்கே மெக்கானிக்குக்குக் கைகொடுத்தது வெப்பம். காலையில் ஒழுங்காக இழுத்து, சூடேறிய பிறகு சோர்ந்து, அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டியில் பம்பு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சூட்டில் நீர்த்த டீசல் தேய்ந்த இடைவெளி வழியே நழுவிவிடுகிறது. அடைத்த ஃபில்டருக்கு அப்படிக் காலை மாலை பேதம் கிடையாது.

நீர்த்த டீசல் என்றதும் அதில் கலக்கப்படும் மண்ணெண்ணெய் நினைவுக்கு வரும். டீசல் வழி அடைபடுவதற்கும் பம்பு தேய்வதற்கும் உழவரின் அலட்சியமே காரணம் என்று சொல்பவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடுகிறார்கள். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு மானிய விலை, பெட்ரோல் பங்கில் டீசலுக்கு வேறு விலை என்று பல பத்தாண்டுகள் இருந்த இடைவெளி கலப்படத்தைத் தொழிலாகவே வளர்த்தது. மானிய மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் ஏற்றினார்கள். 2005-ல் உத்தரப் பிரதேசத்து லக்கிம்பூர் கேரியில், கலப்படம் செய்த பங்குக்கு எதிராக நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் கொல்லப்பட்டார். கலப்படத்தைக் கண்டுபிடிக்க மண்ணெண்ணெயில் அடையாள ரசாயனம் சேர்க்கும் திட்டம் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது, அதுவும் நீடிக்கவில்லை. பங்கு பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது டீசல் கேனிலும் பேரலிலும்தான் வயலுக்கு வரும். மூடி திறந்த பேரலில் தூசியும், இரவுக் குளிரில் படியும் ஈரமும் சேரும். உழவர் கொஞ்சமும் கவனமின்றி இருந்ததில்லை என்று வாதிட வரவில்லை. வடிகட்டாமல் ஊற்றுவதும், தண்ணீர் வடிக்கும் ஸ்குரூவை வருடக்கணக்கில் திறக்காததும் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் மைக்ரான் கணக்கில் கடைந்த உறுப்பை, வாளியில் வந்த எரிபொருளை நம்பி ஓட வைத்தது உழவர் எடுத்த முடிவு இல்லை. விலைக் கொள்கையும் விநியோகமும் செய்த காரியத்துக்கு அவர் வீட்டு வாசலில் வண்டி நின்றது, அவ்வளவே.

இன்னொரு மறுப்பும் உண்டு: இதெல்லாம் நிறுவனங்களின் கையேட்டில் இருக்கிறதே, 1955-ல் தொடங்கிய புத்னி டிராக்டர் பயிற்சி நிலையத்திலும் ஐ.டி.ஐ. வகுப்பிலும் சொல்லித்தருவதைத்தானே இவர்கள் செய்கிறார்கள் என்பது. பாதி சரி. கோளாறுக்கு எதிரே காரணங்களை அடுக்கிய அட்டவணை எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். ஏர் எடுக்கும் படிகளும் அங்கிருந்து வந்தவையே. ஆனால் அட்டவணை காரணங்களைச் சமமாக நிறுத்தி வைக்கும். இந்த ஊரில், இந்தப் பருவத்தில், கேனில் வாங்கிய இந்த டீசலில் எது முதலில் நடந்திருக்கும் என்ற எடையை அது தராது. அந்த எடைபோடல் பட்டறையில் உருவானது, எழுத்தில் ஏறாமல் வாய்வழியாகவே கைமாறியது. அதனாலேயே அதை அறிவு என்று ஏற்கப் பலருக்குத் தயக்கம்.

கோளாறைக் கணினி வழியே காட்டும் ஸ்கேனர் வந்த பிறகு இந்தக் கதை முடிந்துவிட்டது என்பது கடைசி மறுப்பு. அதில் உண்மை அதிகம். 2023 ஜனவரி முதல் ஐம்பது குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு ‘டிரெம் 4’ மாசு விதி நடைமுறைக்கு வந்ததோடு, அந்த வகை வண்டிகளில், ‘ரெயில்’ எனும் ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா நாசிலுக்கும் டீசல் போகும் காமன் ரெயில் அமைப்பு வேரூன்றியது. அதில் அழுத்தம் ஆயிரம் மடங்கையும் தாண்டும். ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு கைக்குள் பாயும். எனவே பழைய நட்டுச் சோதனையை அந்த வண்டிகளில் யாரும் செய்யவே கூடாது. அந்தப் பக்கத்து அறிவு கணினிக்குப் போய்விட்டது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் ரெயிலில் அழுத்தம் குறைவு என்று சொல்லும் ஸ்கேனர், குறைந்ததற்குக் காரணம் சென்ஸாரா, ஹை பிரஷர் பம்பா, பத்து ரூபாய் வாஷரா என்று பெரும்பாலும் சொல்வதில்லை. டீசல் இன்னமும் டேங்கிலிருந்து குழாய், ஃபில்டர் வழியாகத்தான் வருகிறது, பட்டினியும் அதே இடங்களில்தான் தொடங்குகிறது. இந்தியாவில் விற்கும் டிராக்டர்களில் பெரும்பங்கு ஐம்பது குதிரைத்திறனுக்கு உட்பட்டவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே வண்டி இழுக்கவில்லை என்றதும் பம்பைக் கழற்றச் சொல்பவரிடம், முதலில் டேங்க் மூடியைத் தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு ஃபில்டரை, அதற்கும் பிறகே பம்பை.