வில்லைக்கு முன்னால் இன்னொரு வில்லை: தீவகத்தில் கன்வேர்ட்டர் எப்போது கைகொடுக்கும்?

குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பார்த்தால் கடலுக்கு அப்பால் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலின் கோபுரம் தெரியும். அதைக் கைத்தொலைபேசியில் எடுத்தால் கோபுரம் தீக்குச்சித் தலை அளவுக்குச் சுருங்கிவிடும். புங்குடுதீவின் உள்ளே சிக்கல் நேர்மாறானது. ஆளில்லாத வீடுகளின் முற்றத்தில் பற்றை மண்டிக் கிடக்கிறது. பின்னால் நகர வழியில்லாததால் வீட்டின் முகப்பு முழுதாகப் படத்துக்குள் வராது.

போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து சுவிஸ், பிரான்ஸ், கனடா என்று பரந்துபோன குடும்பங்கள் திருவிழாக் காலங்களில் ஊருக்கு வருகின்றன. கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு கைத்தொலைபேசி, அல்லது வில்லையைக் கழற்ற முடியாத சிறிய கமெரா. அவர்கள் எடுத்துச் செல்லும் படங்களே சில வீடுகளுக்கும் கிணறுகளுக்கும் கடைசிப் பதிவாக அமைந்துவிடக்கூடும். அப்படியான கமெராக்களின் எட்டத்தை நீட்டவோ அகலத்தைக் கூட்டவோ உதவுவது, வில்லையின் முன்பக்கத்தில் திருகிப் பொருத்தும் கன்வேர்ட்டர். அதன் பலத்தையும் எல்லையையும் அறிந்து பயன்படுத்துவது நல்லது.

எப்படி வேலை செய்கிறது?

தொலைவுக் கன்வேர்ட்டர்களில் பெரும்பாலானவை கலிலியோவின் தொலைநோக்கி வகையைச் சேர்ந்தவை. முன்னால் குவிவு வில்லைத் தொகுதி, பின்னால் குழிவு வில்லைத் தொகுதி. தூரத்திலிருந்து சமாந்தரமாக வரும் ஒளிக்கதிர்கள் சமாந்தரமாகவே வெளியேறும். ஆனால் காட்சி பெரிதாகியிருக்கும். அகலக் கன்வேர்ட்டரில் இந்த ஒழுங்கு தலைகீழாகும்.

மேலே எழுதியிருக்கும் எண்ணை வில்லையின் குவியத் தூரத்தால் பெருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் வில்லையில் 1.7 மடங்குக் கன்வேர்ட்டரைப் பொருத்தினால் அது 170 மில்லிமீற்றருக்குச் சமம். 28 மில்லிமீற்றருக்கு முன்னால் 0.7 மடங்கைப் பொருத்தினால் ஏறத்தாழ 20.

வில்லைக்கும் கமெராவுக்கும் நடுவே பொருத்தும் பின்பக்கக் கன்வேர்ட்டர் வேறு வகை. 2 மடங்குப் பின்பக்கக் கன்வேர்ட்டர் ஒளியை நான்கில் ஒன்றாக்கும். எஃப் 4 வில்லை எஃப் 8 ஆகிவிடும். முன்பக்கக் கன்வேர்ட்டரில் அந்த இழப்பு இல்லை. 100 மில்லிமீற்றர் எஃப் 4 வில்லையின் ஒளித்துளை 25 மில்லிமீற்றர். முன்னால் 2 மடங்குக் கன்வேர்ட்டர் வந்தால் குவியத் தூரம் 200 ஆகும், ஒளித்துளையும் 50 ஆகும். 200 ஐ 50 ஆல் வகுத்தால் மீண்டும் 4 தான். ஆனால் இதற்கு முன்கண்ணாடி போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும். நல்ல கன்வேர்ட்டர்கள் பாரமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

சினிமாவில் இருந்த உறவினர்

இந்த உத்தியின் புகழ்பெற்ற உறவினர் சினிமாஸ்கோப். பிரெஞ்சு அறிஞர் ஹென்றி கிரெத்தியன் 1920களில் உருவாக்கிய ஹைப்பர்கோனார் வில்லை, சாதாரண வில்லையின் முன்னால் நின்று காட்சியைப் பக்கவாட்டில் மட்டும் நெருக்கியது. 1953 இல் 'தி ரோப்' படத்துடன் அது உலகத் திரையரங்குகளுக்கு வந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973 இல் வெளியானது. படப்பிடிப்பில் நெருக்கிய காட்சியை விரித்துக் காட்ட, திரையரங்கின் புரொஜெக்டரிலும் அதற்குரிய வில்லை வேண்டியிருந்தது.

எந்தக் கமெராவுக்கு எது?

நிக்கோன் கூல்பிக்ஸ், ஒலிம்பஸ் போன்ற நிறுவனங்களின் பழைய டிஜிட்டல் கமெராக்களுக்கு அந்நிறுவனங்களே கன்வேர்ட்டர் செய்து விற்றன. ஒலிம்பஸின் 1.7 மடங்கு டீகொன்-17 இன்றும் பழைய பொருட் சந்தையில் தேடப்படுகிறது. ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசைக்கு 0.8, 1.4 மடங்கு என இரண்டு உண்டு. 35 மில்லிமீற்றர் பார்வையை அவை முறையே 28 ஆகவும் 50 ஆகவும் மாற்றுகின்றன. 2025 இல் விவோ எக்ஸ்200 அல்ட்ரா கைத்தொலைபேசிக்கு 2.35 மடங்குக் கன்வேர்ட்டர் வந்தது.

ஒரு கமெராவின் வில்லைக்கென்று கணக்கிட்டுச் செய்தவை நன்றாக இயங்கும். எல்லா வில்லைகளுக்கும் பொருந்தும் என்று மலிவாக விற்கப்படும் 0.45, 2.2 மடங்குக் கன்வேர்ட்டர்களில் நடுப்பகுதி மட்டுமே ஓரளவு தெளிவாக இருக்கும், ஓரங்கள் கரைந்துவிடும். வாங்குமுன் வில்லையின் திருகு விட்டத்தைப் பாருங்கள். 52, 58, 67 என மில்லிமீற்றரில் வில்லையின் முன்வளையத்திலோ மூடியிலோ அது இருக்கும். பொருந்தாவிட்டால் இடைவளையம் போடலாம், ஆனால் பாரம் கூடும். வெளியே நீளும் மெல்லிய வில்லைக்குழாய் பாரமான கன்வேர்ட்டரைத் தாங்காது. உள்ளிருக்கும் மோட்டரும் பழுதடையலாம்.

பயன்படுத்தும்போது

தொலைவுக் கன்வேர்ட்டரை சூம் வில்லையில் போட்டால் சூமை முழுதாக நீட்டியே எடுக்க வேண்டும். சுருக்கினால் படத்தைச் சுற்றிக் கறுப்பு வட்டம் வரும். அகலக் கன்வேர்ட்டருக்கு எதிர்மாறு.

கிட்டக் குவியும் தூரம் மடங்கின் வர்க்கத்தால் கூடும். 1 மீற்றரில் குவியும் வில்லை 1.7 மடங்குக் கன்வேர்ட்டருடன் ஏறத்தாழ 2.9 மீற்றருக்கு அப்பால்தான் குவியும். கோயில் வீதியில் அருகே நிற்பவரை எடுக்க அதைக் கழற்றத்தான் வேண்டும்.

ஒளித்துளையை எஃப் 5.6 அல்லது 8 க்குச் சுருக்கினால் ஓரங்கள் தெளியும். விளிம்புகளில் தெரியும் ஊதா, பச்சைக் கோடுகளில் பெரும்பகுதி இதனால் போகாது. அவற்றைக் கணினியில் திருத்த வேண்டும். கை நடுக்கமும் அதே மடங்கில் பெரிதாகும். கமெரா மெனுவில் கன்வேர்ட்டர் தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள். பல வில்லைகள் உள்ள கைத்தொலைபேசி, வெளிச்சம் குறைந்தால் தானாகவே வேறு வில்லைக்கு மாறிவிடும். எந்த வில்லையின் முன்னால் கன்வேர்ட்டர் நிற்கிறதோ அதையே நிலைப்படுத்தி வையுங்கள்.

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கு வரும் வாணர் தாம்போதியின் இருபுறமும் ஆழமற்ற கடல். அங்கே நிற்கும் நீர்ப்பறவைகளுக்குத் தொலைவுக் கன்வேர்ட்டர் ஏற்றது. பறவை நடுவில் நிற்கும், ஓரங்கள் மங்கினாலும் தண்ணீர்தான். நயினாதீவுக் கோபுரத்தைக் காலையிலேயே எடுத்துவிட வேண்டும். உச்சி வெயிலில் கடல்மேல் அலையாடும் வெப்பக் காற்றை எந்த வில்லையாலும் வெல்ல முடியாது. மாலைச் சூரியனை, கண்ணாடி வழியே பார்க்கும் கமெராவில் தொலைவுக் கன்வேர்ட்டர் போட்டுப் பார்க்கவே கூடாது, கண் பாதிக்கப்படும். கடற்படை நிலைகளின் பக்கம் நீண்ட வில்லையைத் திருப்பாமல் இருப்பதும் புத்தி.

சோளகக் காற்றுக் காலத்தில் உப்புத் தூவானம் எல்லாவற்றிலும் படியும். கமெராவைத் திறந்து வில்லை மாற்றாமல் இருக்கலாம் என்பது முன்பக்கக் கன்வேர்ட்டரின் பெரிய நன்மை. ஆனால் படகில் ஏறுமுன்பே அதைத் திருகிவிடுங்கள். உப்புப் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறும்; முதலில் ஊதி, பிறகு சற்று ஈரமான மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பின்பக்கக் கண்ணாடியையும் மறக்கக் கூடாது.

கன்வேர்ட்டர் வேண்டாத இடம்

பழைய வீட்டைப் பதிவு செய்வதற்கு அகலக் கன்வேர்ட்டர் நல்ல தெரிவு அல்ல. அது தூண்களையும் சுவர்க் கோடுகளையும் வெளிப்புறமாக வளைக்கும். நாளை யாராவது அந்தப் படத்தை வைத்து வீட்டின் அளவையோ அமைப்பையோ அறிய முயன்றால் ஏமாந்துபோவார்கள். நின்ற இடத்திலிருந்தே ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் படியுமாறு மூன்று நான்கு படங்கள் எடுத்துக் கணினியில் இணைப்பது மேல்.

எட்டத்துக்கும் ஒரு சோதனை உண்டு. 24 மெகாபிக்சல் படத்தை 1.7 மடங்குக்கு வெட்டினால் ஏறத்தாழ 8 மெகாபிக்சல் மிஞ்சும். சுவரில் மாட்டும் நடுத்தர அளவுப் படத்துக்கு அது போதும். ஆகவே ஒரே இடத்திலிருந்து கன்வேர்ட்டருடன் ஒன்று, இல்லாமல் ஒன்று எடுங்கள். இரண்டாவதை வெட்டி, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெட்டிய படமே தெளிவாக இருந்தால் அந்தக் கன்வேர்ட்டர் பையில் பாரம் மட்டுமே.

பதிவுக்காக எடுக்கும் எந்தக் காட்சியிலும் முதல் படம் கன்வேர்ட்டர் இல்லாததாகவே இருக்கட்டும். எந்த வட்டாரம், எந்தத் திசை, எந்த நாள், எந்த வில்லை என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். வீடு விழுந்த பிறகு திரும்பப் போய் எடுக்க முடியாது.