ஹொருமொன்: வீசியதா, வீரியமா?

ஒசாகாவில் கரியடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மாட்டுக்குடல் வாட்டுபவர்களிடம் 'ஹொருமொன்' என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், பதில் நாக்கு நுனியில் இருக்கும். 'ஹோரு' என்றால் எறி, 'மொன்' என்றால் பொருள்; கசாப்புக்காரர் எறிந்ததை ஏழைகள் பொறுக்கிச் சுட்டுத் தின்றதால் வந்த பெயராம். வழிகாட்டி நூல்களும் இதையே ஒப்பிக்கின்றன.

காதுக்கு இனிக்கும் கதைதான். ஒலியும் இடிக்கவில்லை: ஒசாகாப் பேச்சில் நெடில் 'ஹோரு' குறுகி 'ஹொரு' ஆவதுண்டு; 'மொனோ' அங்கே 'மொன்' ஆவது அன்றாடம். இடிப்பது பொருள்.

உணவு வரலாற்றை ஆராய்ந்த சசாகி மிச்சியோ, 2004இல் வெளிவந்த, யாக்கினிக்கு எனும் சுட்ட இறைச்சி பற்றிய தம் நூலில் இக்கதையை மறுத்தார். இரண்டாம் உலகப் போருக்கு முன் 'ஹொருமொன் உணவு' என்ற பெயர் குடலுக்கு மட்டும் உரியதாக இல்லை. முட்டை, நாட்டோ எனும் புளித்த சோயா, மலைவள்ளிக்கிழங்கு எல்லாம் அதில் அடங்கின. உடம்புக்குத் தெம்பூட்டும் தீனி என்பதே அன்றைய பொருள். முட்டையை யார் வீசி எறிந்தார்கள்?

தெம்பு எங்கிருந்து வந்தது? 1905இல் லண்டனில் உடலியலாளர் ஸ்டார்லிங், 'தூண்டுகிறேன்' என்னும் கிரேக்க வினையிலிருந்து 'ஹார்மோன்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஜப்பானிய வேதியியலாளர் தகாமினே ஜோகிச்சி விலங்குகளின் சுரப்பியிலிருந்து அட்ரினலினைப் பிரித்தெடுத்திருந்தார். ஜெர்மன் மருத்துவம் படித்த ஜப்பானுக்கு அச்சொல் 'ஹொருமொன்' ஆயிற்று. ஒசாகாவின் 'ஹொக்கியோகுசெய்' என்ற மேலைநாட்டு உணவகத்தின் கித்தஹாஷி ஷிகெஒ, போருக்கு முன்பே அப்பெயரை வணிகக்குறியாக்க முனைந்தார். குப்பை என்று பெயர் வைத்து விருந்தாளியை அழைக்கும் கடைக்காரர் உண்டா?

அயற்சொல் என்றதும் முகம் சுளிப்பவர்கள் அதே தட்டைப் பார்க்கட்டும். இதயம் 'ஹாட்சு', நாக்கு 'தான்': இரண்டும் ஆங்கிலம். பெருங்குடல் 'தெச்சான்', சிறுகுடல் 'கொப்புச்சான்': இரண்டும் கொரியம். உள்நாட்டுச் சொற்களும் உண்டு. விரித்த முதல் இரைப்பை வைக்கோல் மழையங்கிபோல் தெரிவதால் 'மினோ'. மடிப்பு மடிப்பாக இருக்கும் மூன்றாம் இரைப்பை 'சென்மாய்', அதாவது ஆயிரம் தாள். எறிதலின் சாயல் இவற்றில் ஒன்றிலும் இல்லை.

ஒகாயாமா மாநிலத்துத் த்சுயாமாவுக்குப் போனால் சான்று இன்னும் கெட்டிப்படும். இறைச்சி விலக்கு நிலவிய எடோ காலத்திலும் அவ்வூரார் 'யோஜோகுய்' என்று, உடல்நலத்துக்கான உணவாக மாட்டிறைச்சி தின்றார்கள். இன்று இரும்புத் தகட்டில் குடலையும் ஊதோன் சேவையையும் கலந்து வதக்கும் த்சுயாமா ஹொருமொன் ஊதோன், 2011இல் ஹிமேஜியில் நடந்த பி-1 உணவுப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. மருந்தென்று மாட்டைத் தின்ற நாட்டில் புதிய மருத்துவச் சொல் குடலில் போய் ஒட்டிக்கொண்டது இயல்பு.

எறிபொருள் கதைக்கு உரமிட்டது போருக்குப் பிந்திய பஞ்சம். ஒசாகாவின் த்சுருஹாஷி போன்ற இடங்களில் கொரியர்கள் குடலைத் தேய்த்துக் கழுவி, காரச் சாற்றில் ஊறவைத்து விற்றார்கள். அந்தக் கைப்பக்குவத்தைப் பார்க்காமல், பிறர் எறிந்ததைத் தின்றவர்கள் என்று கதை கட்டியவர்களுக்கு இந்த ஒலிப்பொருத்தம் வசதியாகப் போயிற்று. ஹொருமொன் ஹார்மோனேதான், மற்றது பிறகு ஒட்டவைத்த பட்டப்பெயர்.