ஈஸ்ட் தயாரித்த மலேரியா மருந்து: ஒரு குட்டி வரலாறு

சிந்தெட்டிக் பயாலஜி என்ற பெயரைக் கேட்டதுமே "இது சயின்ஸ் குரூப் ஆட்களின் சமாச்சாரம்" என்று ஒதுங்கிவிடுபவர்கள்தான் அதிகம். தமிழில் செயற்கை உயிரியல் என்று சொன்னால் இன்னும் பயமாக இருக்கும்! ஆனால் இந்தத் துறையின் மிகப் பிரபலமான கதைக்கு முடிவு எழுதியது கிலோ விலை. அதனால் பேலன்ஸ் ஷீட் மட்டுமே பார்த்துப் பழகியவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

கதை 1967-இல் சீனாவில் தொடங்குகிறது. வியட்நாம் போரில் குண்டுக்கு மட்டுமின்றி மலேரியாவுக்கும் வீரர்கள் பலியாகிக்கொண்டிருந்தார்கள். பழைய மருந்தான குளோரோகுயினுக்குக் கிருமி மசியவில்லை. வட வியட்நாமுக்கு உதவ, அந்த ஆண்டு மே 23 அன்று சீன அரசு ஒரு ரகசிய ஆராய்ச்சியைத் தொடங்கியது. தேதியை வைத்தே அதற்கு 'திட்டம் 523' என்று பெயர். அதில் பணியாற்றிய தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி பழைய மருத்துவச் சுவடிகளைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டு நூல் ஒன்றில், ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும் குறிப்பு இருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்த அவர், குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு சாறு எடுத்தார். 1971-இல் எலிகளிடம் அது பலித்தது. மறு ஆண்டு அவரே அதைக் குடித்துப் பார்த்தார். செடியின் பெயர் ஆர்ட்டிமிசியா அன்னுவா. மருந்தின் பெயர் ஆர்ட்டிமிசினின். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து கிடைத்துவிட்டது. பிரச்சினை சப்ளையில் வந்தது.

2001-இல் உலக சுகாதார நிறுவனம், ஆர்ட்டிமிசினின் வகை மருந்தோடு இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும்படி பரிந்துரைத்தது. தேவை எகிறியது. ஆனால் செடி விதைத்து, அறுத்து, காயவைத்து, மருந்தாக வெளிவர ஓராண்டுக்கு மேல் ஆகும். 2005 வாக்கில் கிலோ விலை 1,000 டாலரைத் தாண்டியது. உடனே சீனா, வியட்நாம், கிழக்கு ஆப்பிரிக்கா என்று எல்லா இடங்களிலும் விவசாயிகள் இதையே பயிரிட்டார்கள். 2007-இல் விலை 200 டாலருக்கும் கீழே விழுந்தது. நொந்துபோனவர்கள் வேறு பயிருக்கு மாறினார்கள். மறுபடி தட்டுப்பாடு, மறுபடி விலையேற்றம். பொருளாதாரப் பாடத்தில் வரும் சிலந்திவலைக் கோட்பாடு அப்படியே கண்முன் நடந்தது. என்ன, பாடத்தில் வருவது தானியம். இங்கே நடுவில் மாட்டிக்கொண்டது காய்ச்சலில் கிடந்த குழந்தைகள்.

இந்த இடத்தில்தான் செயற்கை உயிரியல் உள்ளே வருகிறது.

ஒரு செல்லை ஒரு பட்டறையாக நினைத்துக்கொள்ளலாம். மரபணு என்பது வேலைக் குறிப்பு. நொதி என்பது அந்தக் குறிப்பின்படி உருவாகும் தொழிலாளி. ஒவ்வொரு நொதிக்கும் ஒரே ஒரு வேலை. ஒருவர் முடித்துக் கொடுப்பதை அடுத்தவர் வாங்கித் தன் பங்கைச் செய்வார். 1978-இல் இன்சுலினுக்கான மனித மரபணுக் குறிப்பைப் பாக்டீரியாவில் புகுத்தி, மனித இன்சுலினைத் தயாரித்தார்கள். அது ஒரு பொருளுக்கான குறிப்பைக் கொடுத்து அதையே செய்யச் சொல்வது. ஆர்ட்டிமிசினின் அப்படி வராது. அதற்குப் பல தொழிலாளிகள் வரிசையாக நிற்கவேண்டும். அதாவது ஒரு முழு அசெம்பிளி லைனையே வடிவமைத்து செல்லுக்குள் வைக்கவேண்டும். செயற்கை உயிரியலின் சாரமே இந்த வடிவமைப்புதான்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜே கீஸ்லிங் குழுவினர் இதில் இறங்கினார்கள். 2004-இல் கேட்ஸ் அறக்கட்டளை சுமார் 4.26 கோடி டாலர் கொடுத்தது. ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட் வகைதான் பட்டறை. செடி பயன்படுத்தும் மூலப்பொருள் ஒன்று ஈஸ்ட்டிலும் இயற்கையாகவே உண்டு. ஈஸ்ட் அதைத் தன் சொந்தத் தேவைக்குச் செலவழித்துவிடும். அந்தச் செலவைக் குறைத்து, செடியின் மரபணுக்களைச் சேர்த்து, மருந்துக்கு முந்தைய படியான ஆர்ட்டிமிசினிக் அமிலம் வரை கொண்டுவந்தார்கள். 2006-இல் ஒரு லிட்டருக்கு 100 மில்லிகிராம். 2013-இல் 25 கிராம். ஏழு ஆண்டுகளில் 250 மடங்கு!

அமைரிஸ் என்ற நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்தை ராயல்டி வாங்காமல் பிரான்சின் சனோஃபிக்குக் கொடுத்தது. 2013-இல் இத்தாலியின் கரேசியோ ஆலையில் உற்பத்தி தொடங்கியது. லாபமும் வேண்டாம், நட்டமும் வேண்டாம் என்று வைத்த விலை கிலோவுக்கு 350 முதல் 400 டாலர். 2014-இல் இந்த மருந்து ஆப்பிரிக்காவுக்கும் போனது.

எல்லாம் சுபம் என்று நினைக்கும்போது, செடியின் விலை 250 டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது. விளைச்சல் அதிகம், கையிருப்பும் அதிகம். மருந்துக் கம்பெனிகள் விலை குறைந்ததைத்தானே வாங்கும்? 2015-இல் சனோஃபி இந்த முறையில் ஒரு கிராம்கூடத் தயாரிக்கவில்லை. பிறகு கரேசியோ ஆலையையும் பல்கேரிய நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டது.

அப்படியானால் இது தோல்வியா? ஆய்வகக் கணக்கில் முழு வெற்றி. கொள்முதல் கணக்கில் தோல்வி. இன்னொரு பக்கமும் இருக்கிறது. "ஈஸ்ட் ஜெயித்தால் துண்டு நிலத்தில் இதைப் பயிரிடும் சிறு விவசாயிகள் என்ன ஆவார்கள்?" என்று அப்போதே சிலர் கேட்டார்கள். கடைசியில் நிலைத்தது அந்த விவசாயிகளின் செடிதான்.

கற்ற வித்தை வீணாகவில்லை. சுறாவின் ஈரல் எண்ணெயிலிருந்து எடுத்துவந்த ஸ்குவாலேன் என்ற அழகுசாதனப் பொருளை, அதே ஈஸ்ட் வழியில் அமைரிஸ் தயாரித்து விற்றது. ஆனால் அந்த நிறுவனமே 2023-இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. மலேரியாவும் ஒழிந்தபாடில்லை. அதே 2023-இல் மட்டும் அதற்குப் பலியானவர்கள் சுமார் 6 லட்சம் பேர். பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

ஒரு மருந்தைத் தயாரிக்க முடியுமா என்பது உயிரியல் கேள்வி. தட்டுப்பாடு வரும் ஆண்டுக்காக, மலிவான ஆண்டுகளிலும் ஓர் ஆலையை ஓடவைக்கும் செலவை யார் ஏற்பது என்பது காமர்ஸ் கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் 2013-இலேயே கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.