புகார் நகரும் உவர்நீரும்

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை வழியாகவே நம்மிற் பலர் அறிந்திருக்கிறோம். மன்னன் இந்திர விழாவை மறந்தான், தெய்வம் சினந்தது, நகர் அழிந்தது. கவிஞர்களாகிய நாமும் கடலையே நோக்கி நின்று புகாருக்கு இரங்கற்பா பாடிவருகிறோம். ஆயின் அந்நகர் முழுதும் கடலுக்குள் போய்விடவில்லை. அதன் எச்சங்கள் கீழையூர், வானகிரி, பல்லவனீச்சுரம் ஆகிய ஊர்ப்பகுதிகளில் மண்ணுக்கு அடியில் இன்றும் கிடக்கின்றன. அவற்றைத்தான் இப்போது உவர் தின்றுவருகிறது.

இந்தியத் தொல்லியல் துறை 1962 தொடங்கிச் சுமார் பத்தாண்டுக் காலம் இங்கு அகழாய்வு நடத்தியது. கீழையூரில் செங்கல்லாற் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. படகுகளைப் பிணிப்பதற்கு நட்டவை எனக் கருதப்படும் மரத்தூண்களும் அங்கு இருந்தன. மரத்தின் கரிமக் கணிப்பு கி.மு. 4-3ஆம் நூற்றாண்டுகளைச் சுட்டியது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக மரம் எவ்வாறு நின்றது? ஈரச் சேற்றில் காற்றுப் புகாமல் அமிழ்ந்து கிடந்ததே காரணம். ஆகவே நிலத்தடி நீரைப் பகையென்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. மட்டம் மாறாதவரை அது காவல். ஏறியும் இறங்கியும் உப்புக் கலந்தும் வருமாயின் அதுவே கூற்றுவன். ஈரமும் உலர்வும் மாறிமாறி வந்தால் மரம் மட்கும். செங்கல்லோ உவர்நீரை உறிஞ்சி மேலேற்றும். நீர் ஆவியானபின் தங்கும் உப்பு நுண்துளைகளுக்குள் படிகமாகித் திரண்டு கல்லை உள்ளிருந்தே பிளக்கும். கடலோர ஊர்களில் பழஞ்சுவர் உப்புப் பூத்துப் பொடியாய் உதிர்வதைக் கண்டவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்துள்ளது. ஒரு சாண்தானே என்று தோன்றும். கடலோர நிலத்தடியில் நன்னீர், எடை மிகுந்த உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் இருந்தால், கீழே சுமார் நாற்பது அடி ஆழம்வரை அது உப்புநீரை அழுத்தி வைக்கும் என்பது கணக்கு. ஆழ்குழாய்க் கிணறுகள் அந்த ஓரடியை உறிஞ்சிவிட்டால் உப்பு நாற்பது அடி மேலேறும். காவிரிக் கடைமடையில் ஆற்றுநீர் வரத்துக் குறைந்ததும், கரையோர இறால் பண்ணைகளில் உவர்நீர் தேக்கியதும் இதற்குத் துணைபோயின.

கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார், பூம்புகார்க் கரையில் அலை ஏறி இறங்கும் பகுதியிலேயே சுடுமண் உறைகிணறுகளைக் கண்டனர். குடிநீர்க்கென்று கிணறு தோண்டியவன் அலைவாயில் தோண்டியிருக்க மாட்டான். நன்னீர் ஊறும் தொலைவில்தான் உறை இறக்கியிருப்பான். அவன் நின்ற இடத்துக்குக் கடல் வந்துவிட்டது. 1991இல் கடலடியில் 23 மீட்டர் ஆழத்தில் காணப்பட்ட குதிரைலாட வடிவ அமைப்பைவிட இவ்வுறைகிணறுகளையே நான் பெரிய சான்றாக மதிக்கிறேன். (அவ்வமைப்பைப் பற்றி எழுந்த ஊகங்களைத் தொகுத்தால் இம்மலரினும் பெரிய நூலாகும்.)

தெற்கே தரங்கம்பாடியில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போயிற்று. அங்கே கருங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்துள்ளனர்; பூம்புகாரிலும் அவ்வாறே. அடியில் ஊறிவரும் நீரை அக்கற்கள் மறிப்பதில்லை. ஆதலின் எஞ்சியவற்றை அகழ்ந்து பதிவுசெய்யும் பணியே முதலில் விரைய வேண்டும். அதற்கு அரசை மட்டும் எதிர்பார்த்திருக்க வேண்டுவதில்லை. அப்பகுதியில் கிணறோ குட்டையோ வெட்டும்போது அகன்ற பழஞ்செங்கல்லோ உறையோ தென்பட்டால், அகற்றாமல், கிடந்த இடத்தையும் ஆழத்தையும் நீர் நின்ற மட்டத்தையும் குறித்துத் தொல்லியல் துறைக்கு எழுதுவது நம் வட்டத்து அன்பர் எவர்க்கும் இயலும்.