செங்கல் வேண்டாம் என்ற ராஜாவும், செங்கல் கேட்ட மருமகனும்



செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்தாச்சு. ஊர் என்றால் திண்டிவனம். அக்காவைக் கட்டிக் கொடுத்தது விழுப்புரத்தில். பஸ்ஸில் ஏறினால் சுமார் 40 கி.மீ. அக்கா மகனுக்கு ஆறாவது பிறந்தநாள் வருகிறதே, என்னடா வேணும் என்று போனில் கேட்டேன். யோசிக்காமல் பதில் வந்தது: "மாமா, கல்லு பாக்ஸ்!"

அதாவது ஒன்றோடொன்று பொருத்திக் கட்டுகிற பிளாஸ்டிக் செங்கல் பொம்மை. போன வருஷம் திருவிழாக் கடையில் வாங்கிய ஒரு பாக்ஸ் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் பாதிக் கற்கள் பொருந்தவே பொருந்தாது, பொருந்திய மீதி பிரியாது. பல்லால் கடித்துப் பிரிப்பான் பாவம்.

டியூஷன் எடுத்துச் சேர்த்த 2000 ரூபாயோடு விழுப்புரத்தில் ஒரு பொம்மைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றின் மேல் போலீஸ் ஸ்டேஷன் படம், ஜீப், லாக்கப், நாய் எல்லாம் உண்டு. இன்னொன்றில் படமே இல்லை, வெறும் கற்கள்தான், அதுவும் பாதிக்கு மேல் ஒரே மாதிரி. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். "பையனுக்குப் படம் போட்டதைக் குடுங்க தம்பி" என்றார். எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. வெறுங்கையோடு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா முப்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு போய்விட்டது, இப்போது கரண்டி பிடிக்க முடியாது. பொம்மை விஷயத்தில் அவர் என்ன சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி:

"நீளம் அகலத்துல ரெண்டு மடங்கு இருக்கா பாத்தியா? இல்லன்னா அது கல்லே இல்லடா."

இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நான் படித்ததுதான் இன்றைய பதிவு.

ஒன்பது இஞ்ச், நாலரை இஞ்ச்

நம்ம ஊரில் வீடு கட்டும்போது கேட்டிருப்பீர்கள், "ஒன்பது இஞ்ச் சுவரா, நாலரை இஞ்ச் சுவரா?" என்று. ஒன்பதில் பாதி நாலரை. செங்கல்லின் நீளம் ஒன்பது, அகலம் நாலரை. இரண்டு கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவற்றின் அகலம் சேர்ந்து ஒரு கல்லின் நீளம் ஆகிவிடும். அதனால்தான் கொத்தனார் ஒரு வரிசையை நீளவாக்கில் வைத்து, அடுத்த வரிசையைக் குறுக்குவாக்கில் வைக்க முடிகிறது. மூலை திரும்பினாலும் கணக்கு உதைக்காது. கீழ் வரிசையின் ஜாயின்ட்டுக்கு நேர் மேலே மேல் வரிசையின் ஜாயின்ட் வராது. வந்தால் சுவர் அங்கேயே விரியும்.

இது எவ்வளவு பழைய கணக்கு தெரியுமா? சிந்து சமவெளியில், ஏறக்குறைய 4500 ஆண்டுகளுக்கு முன்பே, உயரம், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 என்ற விகிதத்தில் செங்கல் அறுத்திருக்கிறார்கள். வீடுகளுக்கான கல் பெரும்பாலும் 7 செ.மீ. உயரம், 14 செ.மீ. அகலம், 28 செ.மீ. நீளம். நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருந்த ஊர்களிலும் இதே விகிதம்தான்.

இனி பொம்மைக்கு வருவோம்.

தோட்டத்தில் தொடங்கிய விளையாட்டு

ஃபிரெட்ரிக் ஃபிரோபெல் என்ற ஜெர்மானியர் 1837ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியே கற்பிக்கும் இடம் ஒன்றைத் தொடங்கினார். 1840ல் அதற்கு அவர் வைத்த பெயர்தான் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகள் தோட்டம். நம்ம எல்.கே.ஜி.யில் வருகிற 'கே' இதுதான்!

பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த விளையாட்டுப் பொருள்களுக்குப் 'பரிசுகள்' என்று பெயர். மூன்றாவது பரிசு, எட்டுச் சின்னக் கனசதுரக் கட்டைகள் சேர்ந்த ஒரு பெரிய கனசதுரம். நான்காவது பரிசில் எட்டுச் செவ்வகக் கட்டைகள். ஒவ்வொன்றும் அரை இஞ்ச் உயரம், ஒரு இஞ்ச் அகலம், இரண்டு இஞ்ச் நீளம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 1:2:4! சிந்து சமவெளிக் கண்டுபிடிப்பை ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்ததே 1924ல்தான். ஃபிரோபெலுக்கு ஹரப்பா தெரியாது. ஆனால் கட்டுவதற்கு வசதியான கல் எது என்று யோசித்தவர் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், சிறுவயதில் அம்மா வாங்கித் தந்த இந்த ஃபிரோபெல் கட்டைகள் கடைசிவரை தன் விரல்களில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது 1880களில் ஜெர்மனியில் வந்த 'ஆங்கர்' கற்கள். இவற்றை உருவாக்கியவர்கள் லிலியந்தால் சகோதரர்கள். அண்ணன் ஓட்டோ பிற்பாடு இறக்கை கட்டிப் பறந்து புகழ்பெற்றவர். மணல், சுண்ணாம்புத்தூள், ஆளிவிதை எண்ணெய் கலந்து அழுத்திச் செய்த நிஜக் கல் அது. உரிமையை வாங்கி விற்றவர் ரிக்டர் என்ற வியாபாரி. அவர் ஒரு நல்ல வேலை செய்தார். ஏற்கெனவே வாங்கிய பெட்டியோடு ஒரு துணைப்பெட்டி சேர்த்தால் அது அடுத்த பெரிய பெட்டி ஆகிவிடும். பழையது வீணாகாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடையாறுக்கு வந்த கோபுரம்

மரியா மாண்டிசோரி 1939ல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. உலகப்போர் மூண்டிருந்ததால் சில மாதம் தங்க வந்தவர் பல வருஷம் இந்தியாவிலேயே இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய 'இளஞ்சிவப்புக் கோபுரம்' பத்துக் கனசதுரங்கள் கொண்டது, 1 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ. வரை. எல்லாம் ஒரே நிறம், அளவு மட்டும்தான் மாறும். தப்பாக அடுக்கினால் பார்த்தாலே தெரிந்துவிடும். யாரும் "தப்பு" என்று அதட்ட வேண்டாம், கட்டையே சொல்லிக் கொடுத்துவிடும். நல்ல விளையாட்டுப் பொருளுக்கு இதைவிட என்ன இலக்கணம் வேண்டும்?

டென்மார்க் தச்சர்

டென்மார்க் என்றால் நமக்குத் தரங்கம்பாடிக் கோட்டைதான் நினைவுக்கு வரும். அதே நாட்டில் பில்லுண்ட் என்ற கிராமத்தில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் இருந்தார். பொருளாதார மந்தத்தில் வீட்டு வேலை கிடைக்காமல் 1932ல் மரப்பொம்மை செய்ய ஆரம்பித்தார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் டேனிஷ் சொற்களைச் சுருக்கி லெகோ என்று பெயர் வைத்தார்.

பிளாஸ்டிக் செங்கல் அவருடைய சொந்த யோசனை இல்லை. இங்கிலாந்தில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர் 'கிட்டிகிராஃப்ட்' என்ற பெயரில் மேலே குமிழ் வைத்த பிளாஸ்டிக் கற்களை விற்றுவந்தார். அதைப் பார்த்துத்தான் 1949ல் லெகோவும் செய்தது. அந்தக் கற்கள் அடியில் வெற்றாக இருந்ததால் பிடிப்பு போதவில்லை. கல்லின் உள்ளே குழாய்கள் வைத்துப் பிடிப்பைச் சரிசெய்து 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் ஓலேயின் மகன் காட்ஃபிரட். அந்த 1958 கல் இன்று வாங்கும் கல்லோடும் பொருந்தும்.

அப்பாவின் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. இரண்டுக்கு நான்கு குமிழ் உள்ள கல்தான் இதில் அடிப்படை. குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ. ஆக 16க்கு 32 மி.மீ. நீளம் அகலத்தில் சரியாக இரண்டு மடங்கு! உண்மையில் கல்லை அளந்தால் 0.2 மி.மீ. குறைவாக இருக்கும், பக்கத்துக் கல் இடிக்காமல் உட்காருவதற்காக. நிஜச் செங்கல்லிலும் இதே கதைதான். இந்தியத் தர அளவுக் கல் 19 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம். 1 செ.மீ. கலவையைச் சேர்த்தால்தான் 20, 10 என்று கணக்கு வரும்.

இப்படிப்பட்ட ஒரே நிறக் கற்கள் ஆறு இருந்தால் எத்தனை விதமாகப் பொருத்தலாம்? 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதம். ஆறே ஆறு கல்!

சரி, எதை வாங்குவது?

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சின்னக் கல் வேண்டவே வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். அவர்களுக்கென்றே 1969ல் டூப்லோ வந்தது. எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிது, ஆனால் சின்னக் கல்லோடும் பொருந்தும். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். அதைப் பார்த்து வாங்குங்கள்.

பெட்டியில் எத்தனை துண்டு என்று பார்த்து ஏமாறாதீர்கள். பூ, விளக்கு, கைப்பிடி எல்லாமே அந்த எண்ணிக்கையில் சேரும். இரண்டுக்கு நான்கு, இரண்டுக்கு இரண்டு கற்கள் எத்தனை என்று பாருங்கள். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இப்போது பல கம்பெனிகள் இதே மாதிரிக் கல் செய்கின்றன. அதில் நல்லதும் உண்டு, மோசமும் உண்டு. கடையில் பிரித்துக் காட்டச் சொல்லி இரண்டு கற்களைப் பொருத்தி, மேல் கல்லை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். கீழ்க்கல் விழக்கூடாது. அதே சமயம் பிள்ளையின் விரலாலேயே பிரிக்க வர வேண்டும். வீட்டில் உள்ள பழைய கல்லில் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்ப் பொருத்திப் பார்ப்பது இன்னும் நல்லது. ரிக்டரின் துணைப்பெட்டி ஞாபகம் இருக்கிறதல்லவா?

பெரியவர்களுக்கு? 2008ல் லெகோ ஒரு தாஜ்மஹால் வெளியிட்டது, 5,922 துண்டுகள். 2020லிருந்து பெரியவர்களுக்கான பெட்டிகளில் 18+ என்றே போடுகிறார்கள். பொறுமையாக ஒன்றைக் கட்டி ஷோகேஸில் வைத்து ரசிப்பவர்களுக்கு அது சரி. தானே யோசித்துக் கட்ட ஆசைப்படும் பெரியவருக்கு, ஆறு வயதுப் பையனுக்கு வாங்கும் அதே சாதாரணக் கல் பெட்டிதான் சரி.

காசே இல்லையா? அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்தே முக்கோணம், கனசதுரம், வீடு எல்லாம் கட்டச் சொல்லிக் கொடுத்தவர். அதுவும் பொருத்திப் பிரிக்கும் விளையாட்டுதான்.

ராஜா வேண்டாம் என்றது

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலைப்பக்கம் மண்டகப்பட்டு இருக்கிறது. அங்கே ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் இதைச் செய்ததாக விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயரில் கல்வெட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அதற்கு முன் கோயில்கள் எதனால் கட்டப்பட்டன என்பதை அந்தப் பட்டியலிலிருந்தே ஊகிக்கலாம். அவையெல்லாம் பெரும்பாலும் போய்விட்டன. அவன் குடைந்த பாறை நிற்கிறது.

ராஜாவுக்கு வேண்டியது கலைக்க முடியாத ஒன்று. பிள்ளைக்கு வேண்டியது நேர்மாறு. கட்டியதைக் கலைக்கணும், கலைத்ததிலிருந்து வேறு கட்டணும். போலீஸ் ஸ்டேஷன் பெட்டி என்னை ஏன் தயங்க வைத்தது என்பது இங்கே வந்தபிறகுதான் புரிந்தது. அதன் துண்டுகளில் பாதி, போலீஸ் ஸ்டேஷனைத் தவிர வேறெதற்கும் உதவாது.

மறுநாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் படம் போடாத பெட்டியை வாங்கினேன். பிறந்தநாள் அன்று மருமகன் ஒரு கல்லின் நேர் மேலே இன்னொரு கல்லாக வைத்து உயரமாகச் சுவர் எழுப்பினான். கை பட்டதும் சரிந்தது. அழப் போனவனிடம் அப்பா சொன்னார்: "ஜாயின்ட் மேல ஜாயின்ட் வந்துடுச்சுடா ராசா. இந்தக் கல்லை இப்படித் திருப்பி வை."

வலது கையாலேதான் எடுத்து வைத்தார். அந்தக் கல்லுக்கு அந்த மணிக்கட்டு போதுமாக இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டு அக்கா மூன்று முறை வந்துவிட்டுப் போனாள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம். நீங்கள் சின்ன வயதில் எதை வைத்துக் கட்டி விளையாடினீர்கள் என்று சொல்லுங்கள். தீப்பெட்டியா, சீட்டுக்கட்டா, ஆற்று மணலா?