கேட்கப்படாத முதியோர்

1963 நவம்பர் 23, அதிகாலை. அதிபர் கென்னடி சுடப்பட்டிறந்த மறுநாள். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், ஃபிட்ச்வில் என்னும் சிற்றூரின் முதியோர் மருத்துவ இல்லமொன்று தீப்பற்றியது. அங்கிருந்த 84 பேரில் 63 பேர் மாண்டனர்; அவர்களுள் சிலர் கட்டிலோடு பிணைக்கப்பட்டிருந்தனர். கட்டிவைப்பதே பாதுகாப்பு என்று கருதிய காலம் அது. நாடே துயரில் மூழ்கியிருந்ததால், இம்முதியோர்க்காக அழ எவருக்கும் பொழுதில்லை போலும்!

1965-இல் மெடிக்கேர், மெடிகெய்டு திட்டங்கள் பிறந்தன. அரசுப் பணத்துடன் ஆய்வாளரும் வந்தனர். கட்டடத்தையும் பதிவேட்டையும் பார்த்தனர். நற்பராமரிப்பு தர இல்லத்தால் இயலுமா என ஆராய்ந்தனரேயன்றி, அது தரப்படுகிறதா என்று படுக்கையில் கிடந்தவரைக் கேட்டாரில்லை. 1975-இல் கொலராடோவில் இல்லவாசிகளே வழக்குத் தொடுத்தனர். 1984-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. நோயுற்ற முதியோர் அரசையே வழிக்குக் கொணர்ந்தனர் என்பதை நாம் வியப்போடு எண்ணுகிறோம்.

1987-ஆம் ஆண்டுச் சட்டம், 15 மாதங்களுக்குள் ஒருமுறையேனும் முன்னறிவிப்பற்ற ஆய்வு வேண்டும் என்றது. ஊழியரின் வசதிக்காக எவரையும் கட்டலாகாது என்றது. கட்டிவைக்கும் வழக்கம் பெரிதும் குறைந்தது.

2008 முதல் இல்லங்களுக்கு நட்சத்திரங்கள் வழங்கப்படுகின்றன. பயனற்றவை என்போமல்லோம். ஆயினும் ஊழியர் எண்ணிக்கையைப் பல ஆண்டுகள் இல்லங்களே கூறிவந்தன. தன் விடைத்தாளைத் தானே திருத்திய மாணவனின் கதைதான். மேலும், ஒரே இல்லமுள்ள சிற்றூரில் நட்சத்திரங்களை எதனோடு ஒப்பிடுவது? அங்கே மகளோ மகனோ ஞாயிறு மாலையில் சொல்லாமல் சென்று, அழைப்புமணி ஒலித்தபின் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று பார்க்க வேண்டியதுதான்.