சந்திரபாபு: பாடியவர், ஆடியவர், படம் எடுத்தவர்

கொற்கையைப் பற்றிக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தால் முத்து, சங்கு, பாண்டியர் துறைமுகம் என்றே பக்கங்கள் நிரம்பிவிடும். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் விலகிப்போக, பழைய துறைமுகம் இன்றைக்கு உள்நாட்டுக் கிராமம். கொற்கைக்குப் பிறகு பழையகாயல், அதற்குப் பிறகு தூத்துக்குடி என்று துறை இடம் மாறிக்கொண்டே வந்தது. முத்துக்குளித்த பரதவர்கள் மட்டும் கரையை விடவில்லை. 1530களில் அவர்கள் கத்தோலிக்கர் ஆனார்கள். போர்த்துக்கீசியப் பெயர்களும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டன. இந்தக் கரையின் வரலாற்றில் ஒரு பாட்டுக்காரரையும் சேர்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அவர் ஜே.பி. சந்திரபாபு.

முழுப்பெயர் ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிக்ஸ். 1927 ஆகஸ்ட் தொடக்கத்தில், தூத்துக்குடி பனிமய மாதா கோயில் திருவிழாவை ஒட்டிப் பிறந்ததால் பெயரிலும் மாதா வந்துவிட்டாள். வீட்டில் கூப்பிட்டது 'பாபு'. முன்னால் உள்ள 'சந்திர', பரதவர்கள் தங்களைச் சந்திரகுலத்தவர் என்று சொல்லிக்கொள்வதிலிருந்து அவரே எடுத்துக்கொண்டது. ஆக, சினிமாப் பெயரிலேயே ஊரும் குலமும் இருக்கிறது.

அப்பா ரொட்ரிக்ஸ் சுதந்திரப் போராட்டக்காரர். ஆங்கில அரசின் கெடுபிடியில் சொத்து போய், குடும்பம் கொழும்புக்குப் போனது. தூத்துக்குடிக்காரருக்குக் கொழும்பு அப்போது அக்கம்பக்கத்து ஊர் மாதிரிதான். கப்பல் ஏறினால் போய்விடலாம். பையன் படித்ததும் அங்கேதான். மேல்நாட்டுப் பாட்டும் நடனமும் பழகியபின் 1943 வாக்கில் குடும்பத்தோடு சென்னை வந்தார். சந்திரபாபு பாட்டில் திடீரென்று குரல் உடைந்து உச்சிக்குத் தாவுமே, அந்த 'யோடலிங்' தமிழ் சினிமாவுக்குப் புதுசு. எங்கிருந்தோ குதித்த விசித்திரமாக அதைச் சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒரு துறைமுக ஊர்க்காரனின் காது என்றே படுகிறது.

முதல் படம் 'தன அமராவதி' (1947). அதன்பின் சில வருஷம் வாய்ப்புக்காக அலைச்சல். ஜெமினி ஸ்டுடியோவில் கதவு திறக்காத விரக்தியில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, அதற்கு வழக்கும் நடந்தது. பிறகு அதே ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' (1952) படத்தில் நடித்தார்.

அவர் நுழைந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். பாகவதர், சின்னப்பா போலச் சொந்தக் குரலில் பாடி நடித்த தலைமுறை முடிந்து, பின்னணிப் பாடகர்கள் வந்துகொண்டிருந்தார்கள். இனி நடிகனுக்கு முகம், பாடகனுக்குக் குரல் என்று தொழில் இரண்டாகப் பிரிந்தது. சந்திரபாபு இரண்டையும் விடவில்லை. தனக்குத் தானே பாடினார். பிறருக்கும் குரல் கொடுத்தார். 'பெண்' (1954) படத்தில் எஸ். பாலசந்தருக்கும், 'கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி' (1954) படத்தில் சிவாஜிக்கும் பாடியது அவர்தான். 'சபாஷ் மீனா'வில் (1958) இரட்டை வேடம்; அதில் ஒன்று சென்னைத் தமிழ் பேசும் ரிக்‌ஷாக்காரன். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர் பேசிய மெட்ராஸ் பாஷை அது! அந்தப் படம் இந்தியில் 'தில் தேரா தீவானா' (1962) ஆனபோது அவர் இடத்தில் மெஹ்மூத் நடித்தார்.

இதுவரை பார்த்தது பிறர் போட்ட பணத்தில் தன் திறமையை விற்ற சந்திரபாபு. இனி வருவது முதலாளியாக முயன்றவர்.

அந்நாளைய படத்தொழிலின் கணக்கை நாம் புரிந்துகொண்டால்தான் அடுத்த கதை விளங்கும். தயாரிப்பாளர் கையில் முழுப்பணமும் இருக்காது. கதாநாயகன் பெயரைச் சொல்லி விநியோகஸ்தர்களிடம் ஏரியா வாரியாக முன்பணம் வாங்குவார். போதாததை வட்டிக்கு எடுப்பார். நட்சத்திரத்தின் கால்ஷீட்தான் மூலதனம். அது தள்ளிப்போனால் வட்டி மட்டும் ஓடும். எம்.ஜி.ஆர். 'நாடோடி மன்னன்' (1958) எடுத்தபோது தயாரிப்பாளர், இயக்குநர், நாயகன் மூன்றும் அவரே. பணம் போட்டவரே நட்சத்திரம் என்பதால் கால்ஷீட்டுக்கு இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டியதில்லை. அந்தப் படத்தில் சந்திரபாபுவும் நடித்திருந்தார்.

கவிஞர் கண்ணதாசனுக்கு அந்த வசதி இல்லை. சந்திரபாபுவை நாயகனாகப் போட்டுக் 'கவலை இல்லாத மனிதன்' (1960) எடுத்தார். படப்பிடிப்புக்கு வராத நாயகனை அழைக்க அவர் வீட்டுக்கே போய்த் தான் காத்திருந்ததையும், அவரோ பின்வாசல் வழியாகப் போய்விட்டதையும் கவிஞர் பின்னாளில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். படமும் அவருக்குக் கடனைத்தான் தந்தது.

அடுத்து சந்திரபாபுவின் முறை. எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்ற படத்தைத் தொடங்கினார். (1981இல் சிவாஜி நடித்து அதே பெயரில் வந்தது வேறு படம்.) சில நாள் படப்பிடிப்போடு வேலை நின்றது, கடைசிவரை முடியவில்லை. கடன் ஏறியது, ஆசையாகக் கட்டிய வீடு கைவிட்டுப் போனது. கால்ஷீட்டுக்காகத் தான் அலைந்ததை அவரே பத்திரிகையில் தொடராக எழுதினார். அதில் கசப்பு நிறைய. காக்கவைப்பது, காத்திருப்பது என்று கால்ஷீட்டின் இரண்டு பக்கத்திலும் நின்றவர் அவர்.

1966இல் தானே இயக்கி நடித்த 'தட்டுங்கள் திறக்கப்படும்' வந்தது. தலைப்பு விவிலியத்திலிருந்து எடுத்தது. பேர் வாங்கித் தந்ததே தவிர, பணத்தைத் திருப்பித் தரவில்லை. பிறகு மறுபடி சம்பளத்துக்கு நடித்தார். எம்.ஜி.ஆரின் சொந்தத் தயாரிப்பான 'அடிமைப் பெண்' (1969) படத்திலும் அவர் உண்டு. 1974 மார்ச்சில் காலமானபோது வயது 46தான்.

அவர் வாழ்க்கையைக் குடி, திமிர், துரோகம் என்று தனிமனிதர் கதையாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவையெல்லாம் இருந்திருக்கலாம். ஆனால் அதே தொழில்கணக்கில் கண்ணதாசனும்தானே சிக்கினார்? பாட்டும் நடிப்பும் தெரிந்தவனுக்குப் படம் எடுக்கவும் வரும் என்ற நம்பிக்கை பலரைக் கடனாளியாக்கியிருக்கிறது. சந்திரபாபு விஷயத்தில் அந்தக் கணக்கு எழுதப்படாமல் கிசுகிசு மட்டும் மிஞ்சியது. 'மரகதம்' (1959) படத்தில் ஜமுனாராணியோடு அவர் பாடிய 'குங்குமப் பூவே'யை ஒருமுறை கேட்டுப் பாருங்க. கொழும்புக் காது, தூத்துக்குடித் துடுக்கு இரண்டும் அதில் இருக்கும்.